வெள்ளத்தில் மூழ்கிய மோட்டார் வண்டிகளும் டிராக்டர்களும்: மீண்டும் ஓட்டலாமா? விலைக்கு வாங்கலாமா?

வடகிழக்குப் பருவமழை வலுத்து, ஆறும் ஏரியும் கரை மீறி ஊருக்குள் பிரவேசிக்குங் காலத்தில், குடியானவரின் கவலை முதலில் பயிரையும், அடுத்துக் கால்நடைகளையும், பின்னர் வீட்டையும் பற்றியதாக இருப்பது இயல்பே. ஆயினும் இக்காலத்துப் பண்ணைக் கொட்டகையில் கலப்பையும் கட்டை வண்டியும் மாத்திரம் நிற்பதில்லை. டிராக்டரும், குடும்பத்தாரை ஏற்றிச் செல்லும் காரும், விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்லும் சிறு லாரியும் நிற்கின்றன. இவற்றில் பல, கடன் வாங்கி வாங்கப்பட்டவை. தவணை இன்னும் தீராதவை. வெள்ளம் வடிந்த மறுநாட் காலையில், சேறு படிந்து நிற்கும் அந்த வண்டியின் முன் நின்று, "இது இனி ஓடுமா?" என்று கேளாத சொந்தக்காரர் இல்லை.

இது அபூர்வமாக எழும் கேள்வியன்று. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில் சென்னையிலும் கடலூர் ஜில்லாவிலும், 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி ஜில்லாக்களிலும், 2024-ஆம் ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் விழுப்புரம், கடலூர் பகுதிகளிலும் எண்ணிறந்த வண்டிகள் நீரில் நின்றன. 2023-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தாமிரபரணி கரை புரண்டதில் ஸ்ரீவைகுண்டம் ரெயில் நிலையத்தில் ஒரு ரெயில் முழுவதும் பிரயாணிகளுடன் சிக்கி நின்றது நினைவிருக்கும். இத்தகைய வெள்ளத்துக்குப் பின் இரண்டு வகையான நஷ்டம் நேருகிறது. ஒன்று, பிழைத்திருக்கக் கூடிய வண்டியை அவசரத்தால் சொந்தக்காரரே கெடுத்துக் கொள்வது. மற்றொன்று, பிழைக்கவியலாத வண்டியை மினுக்கி வெளியூரில் விற்க, அதனை மலிவென்று நம்பி மற்றொரு குடியானவர் வாங்கி ஏமாறுவது. இவ்விரண்டையும் தவிர்க்கும் மார்க்கத்தை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நீர் செய்யும் கெடுதல் எத்தன்மையது

வண்டி நனைந்ததா என்பது பெரிதன்று. எவ்வளவு உயரம் நனைந்தது, எவ்வளவு நேரம் நீரில் நின்றது, எந்த நீரில் நின்றது என்ற மூன்றையும் கேட்டறிந்த பின்னரே வண்டியின் கதியைத் தீர்மானித்தல் வேண்டும்.

நீர் சக்கரத்தின் அச்சு வரையில் மட்டும் நின்றிருப்பின், பிரேக்குகள், சக்கரப் பேரிங்குகள், பின் அச்சிலுள்ள எண்ணெய் ஆகியவையே முக்கியமாய்ப் பாதிக்கப்படும். இவை பெரும்பாலும் சீர்ப்படுத்தக் கூடியவை. காரின் தரைத்தட்டுக்கு மேல் ஏறி ஆசனம் வரை வந்திருப்பின், கம்பளத்தின் அடியில் ஓடும் மின்கம்பிகளும், ஆசனத்தின் கீழும் பக்கங்களிலும் அமைந்த மின்னணுப் பெட்டிகளும், ஸ்டார்ட்டர் மோட்டாரும், கியர்ப்பெட்டியும் நனைந்திருக்கும். கைச்சக்கரத்துக்கு முன்னுள்ள பலகைக்கும் மேல் ஏறியிருந்தால், புது மாதிரிக் காரைப் பொறுத்தமட்டில் அதனை மீட்பது செலவுக்குத் தகாத காரியம் என்றே பெரும்பாலும் கொள்ளலாம்.

இஞ்சினுள் நீர் புகுவதே யாவரும் அஞ்சுவது. அதன் காரணம் எளிது. சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலேறும்போது காற்றை நசுக்குகிறது. காற்று நசுங்கும், நீர் நசுங்காது. இரண்டு லிட்டர் அளவுள்ள நான்கு சிலிண்டர் டீசல் இஞ்சினை உதாரணமாகக் கொள்வோம். ஒவ்வொரு சிலிண்டரும் 500 மில்லி லிட்டர் கொள்ளும். பதினேழுக்கு ஒன்று என்ற விகிதத்தில் அழுத்தம் நிகழ்வதால், பிஸ்டன் உச்சிக்கு வந்தபின் எஞ்சும் இடம் சுமார் 30 மில்லி லிட்டரே. அதாவது கால் ஆழாக்குக்கும் குறைவு. அதற்கு மேற்பட்ட தண்ணீர் உள்ளே நிற்கையில் சாவியைத் திருகினால், பிஸ்டன் பாதியில் முட்டி நிற்க, அதனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். சில வேளைகளில் அது முறிந்து, இஞ்சின் கூட்டையே உடைத்துக்கொண்டு வெளிவரும். இரவு முழுவதும் வெள்ளத்தில் நின்றும் கெடாதிருந்த இஞ்சின், காலையில் ஒரு விநாடித் திருகலில் கெடுவது இவ்வாறே.

கியர்ப்பெட்டிக்கும் பின் அச்சுக்கும் வேறொரு வகையில் ஆபத்து உண்டு. அவற்றில் காற்றுப் போக்குவரத்துக்கென ஒரு சிறு துவாரம் அமைந்துள்ளது. ஓடிச் சூடேறிய வண்டி திடீரெனக் குளிர்ந்த நீரில் இறங்கும்போது, உட்காற்று சுருங்கி, அத்துவாரத்தின் வழியே நீரை உள்ளே இழுக்கிறது. வயலில் உழுது வரும் டிராக்டர் வெள்ளம் ஓடும் வாய்க்காலில் இறங்கிக் கடந்தாலும் இது நேரக்கூடும். டிராக்டரில் கியருக்கும் பின்பக்க ஹைட்ராலிக் தூக்கிக்கும் பெரும்பாலும் ஒரே எண்ணெய்தான் பயன்படுகிறது. ஆகையால் அங்கு புகும் நீர் இரண்டையும் சேர்த்தே அரிக்கும்.

முதலிற் செய்ய வேண்டியவை

சம்பா நடவும், பிசானப் பயிரும் காத்திருக்கும் சமயத்தில் டிராக்டர் ஒருநாள் நின்றாலும் மனம் பொறுக்காது. அயலாரின் வண்டியைச் சேற்றிலிருந்து இழுத்துவிடவும் அதையே நாடுவர். ஆயினும் கீழ்க்கண்ட முறைகளைச் செய்து முடிக்குமுன் சாவியைத் தொடுதல் கூடாது. தள்ளி ஸ்டார்ட் செய்வதும், வேறு வண்டியால் கியரில் இழுப்பதும் அதே கெடுதலைச் செய்யும்.

1. நீர்மட்டக் கறை அழியுமுன் நாற்புறமும் உட்புறமும் படம் எடுத்து வைக்க. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு உடனே தெரிவிக்க.

2. பாட்டரியின் எதிர்முனைக் கம்பியை முதலில் கழற்றுக. மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் ஈரக் கம்பிகள், மின்சாரமற்ற ஈரக் கம்பிகளைக் காட்டிலும் பன்மடங்கு வேகமாக அரிக்கப்படும்.

3. எண்ணெய் அளக்கும் கம்பியை உருவிப் பார்க்க. எண்ணெய் பால் கலந்த காபியைப் போல் வெளுத்திருந்தாலோ, வழக்கமான மட்டத்துக்கு மேல் ஏறியிருந்தாலோ நீர் கலந்தது நிச்சயம். எண்ணெயினும் நீர் கனமானதாகையால், அடிப்பக்கத்துத் திருகை மெதுவாய்த் தளர்த்தினால் முதலில் தண்ணீரே வெளிவரும்.

4. காற்று வடிகட்டியைத் திறக்க. உள்ளே ஈரமோ வண்டலோ காணின், இஞ்சினுள்ளும் நீர் சென்றிருக்கக்கூடும் என்று கொள்ளல் வேண்டும். எண்ணெய்த் தொட்டி வைத்த பழைய மாதிரி வடிகட்டியாயின் தொட்டியைக் கழற்றி எண்ணெயைக் கொட்டிக் கழுவுக.

5. டீசல் வண்டியாயின் இன்ஜெக்டர்களையோ, ஹீட்டர் பிளக்குகளையோ, பெட்ரோல் வண்டியாயின் ஸ்பார்க் பிளக்குகளையோ கழற்றியபின், இஞ்சினைக் கையாற் சுற்றுக. நீர் இருப்பின் அத்துவாரங்களின் வழியே வெளியேறும். தடையின்றிச் சுற்றும்வரை ஸ்டார்ட்டரைப் பயன்படுத்தலாகாது.

6. டீசலைத் தொட்டியின் அடியிலிருந்து வடிக்க. நீர் அடியிற் படிந்திருக்கும். வடிகட்டிகளை மாற்றுக. நீர் கலந்த டீசல் பம்பையும் இன்ஜெக்டரையும் கெடுத்தால் அதன் செலவு வடிகட்டியின் விலையைப் போல் பலமடங்காகும்.

7. இஞ்சின் எண்ணெய், கியர் எண்ணெய், பின் அச்சு எண்ணெய் யாவற்றையும் மாற்றுக. புதிய எண்ணெயுடன் சிறிது நேரம் ஓட்டியபின், அதனையும் வடித்து மறுமுறை மாற்றுதல் அவசியம். முதல் எண்ணெய் கழுவுவதற்கு, இரண்டாவதே ஓட்டுவதற்கு.

8. சக்கரப் பேரிங்குகளைக் கழுவிப் புது கிரீஸ் இடுக. பிரேக் டிரம்களைத் திறந்து வண்டலை நீக்குக. டிராக்டரில் கிரீஸ் ஏற்றும் முனைகள் எல்லாவற்றிலும், பழைய கிரீஸும் சேறும் வெளிவரும்வரை புது கிரீஸை அழுத்துக.

9. கார்களில் பிரேக் திரவத்தை முழுதும் மாற்றுக. இத்திரவம் நீரை ஈர்க்கும் இயல்புடையது. டாட் 4 என்ற வகைத் திரவம் நீரற்ற நிலையில் 230 டிகிரி சென்டிகிரேட் வரை கொதியாது நிற்கவேண்டும் என்பது விதி, 3.7 சதவீதம் நீர் கலந்தால் 155 டிகிரி வரையே தாங்குமென ஏற்கிறார்கள். மலைப்பாதை இறக்கத்தில் பிரேக் சூடேறுங்கால் திரவம் கொதித்து, மிதிப்பலகை தரையைத் தொட்டும் வண்டி நில்லாது போவது இதனாலேயே.

இவற்றை எவ்வளவு விரைவில் செய்கிறோமோ அவ்வளவு நன்மை. நீருக்குள் இருக்குங்காலத்தைவிட, நீர் வடிந்து காற்றுப் பட்ட பிறகே இரும்பு வேகமாய்த் துருவேறுகிறது. முதல் இரண்டு நாட்களில் திறந்து எண்ணெயிடப்பட்ட இஞ்சின் பிழைக்கும். இரண்டு வாரம் மூடிக் கிடந்ததில் பிஸ்டன் வளையங்கள் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும், கிளட்ச் தட்டும் துருவால் ஒட்டிக்கொள்ளும். ஆகவே பட்டறையில் இடம் கிடைக்கும்வரை காத்திருப்பவர், மேற்கூறியவற்றில் பாட்டரியைக் கழற்றல், எண்ணெயை வடித்தல், பிளக்குகளைக் கழற்றிச் சிலிண்டர்களில் சிறிது எண்ணெய் விடுதல் ஆகியவற்றையேனும் உள்ளூர் மெக்கானிக்கைக் கொண்டு அன்றே செய்வித்தல் நலம்.

டிராக்டருக்கும் காருக்கும் உள்ள வேற்றுமை

மின்னணுச் சாதனங்கள் இல்லாத பழைய மாதிரி டிராக்டர் நல்ல தண்ணீரில் மூழ்கியிருந்து, ஓட்டப்படாமலும் இருந்தால், அதனைப் பற்றி நம்பிக்கையிழக்கக் காரணமில்லை. அதன் உறுப்புகள் பெரியவை. திறந்து கழுவி, எண்ணெயிட்டு மூடத்தக்கவை. மின்சார பாகங்களோ ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், விளக்குகள், சில கம்பிகள் என்ற அளவில் அடங்கும். யோக்கியமான மெக்கானிக் ஒருவர் அதனைப் பழைய நிலைக்குக் கொண்டுவருதல் சாத்தியமே.

இக்காலத்துக் காரின் நிலைமை வேறு. இஞ்சினுக்கு எரிபொருள் விடுவது, பிரேக் வழுக்காது காப்பது, மோதலில் காற்றுப்பை விரிவது ஆகிய யாவும் மின்னணுப் பெட்டிகளின் ஆணைப்படி நடக்கின்றன. கம்பியின் மேலுறைக்குள் மெல்லிய செப்பு இழைகள் பல இருப்பதால், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் நீர் அவற்றினூடே ஏறிச் செல்லும். வெளியே உலர்ந்து காணும் கம்பியின் உள்ளே ஈரம் தங்கி, இணைப்புகளில் பச்சைக் களிம்பு பூக்கிறது. இக்கெடுதல் முதல் வாரத்தில் தோன்றுவதில்லை. நான்கு அல்லது ஆறு மாதங் கழித்து, ஒருநாள் விளக்கு அணையும். மறுநாள் தானே எரியும். பிறிதொருநாள் நெடுஞ்சாலையின் நடுவே இஞ்சின் நின்றுவிடும். காற்றுப்பையின் உணர்கருவி நனைந்திருந்தால், அது வேண்டிய தருணத்தில் விரியாது போகவும் கூடும். ஆகையால் "இப்போது நன்றாக ஓடுகிறதே" என்பது வெள்ளம் கண்ட காருக்கு நற்சாட்சியாகாது.

உப்பு நீரும் மின்சார வண்டிகளும்

மழைநீரில் நனைந்ததற்கும் கடல்நீரில் நனைந்ததற்கும் பெரும் வேற்றுமை உண்டு. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலையின்போது நாகப்பட்டினம் கடற்கரையில் வண்டிகளுக்கு நேர்ந்த கதி இதற்குச் சான்று. உப்பு மின்சாரத்தை எளிதிற் கடத்தும். இரும்பையும் அலுமினியத்தையும் செம்பையும் விரைந்து அரிக்கும். உலர்ந்தபின்னும் படிந்து நின்று, காற்றின் ஈரத்தை இழுத்து அரித்துக்கொண்டேயிருக்கும். கடல்நீரோ, உப்பளத்து நீரோ, இறால் குட்டையின் நீரோ பட்ட வண்டியை நல்ல தண்ணீரால் மூலை முடுக்கெல்லாம் உடனே கழுவுதல் வேண்டும். கழுவினும், ஆசனமட்டத்துக்கு மேல் உப்பு நீர் ஏறிய காரை வைத்துக்கொள்வதோ வாங்குவதோ புத்திசாலித்தனமன்று.

மின்சாரத்தால் ஓடும் வண்டிகளுக்குத் தனி எச்சரிக்கை தேவை. அமெரிக்காவின் புளோரிடா மாகாணத்தில் 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில் இயான் என்னும் புயல் வீசியபின், கடல்நீரில் மூழ்கிய மின்சாரக் கார்களிற் சில, நாட்கள் கழித்துத் தாமே தீப்பற்றின. பெரிய பாட்டரியின் உள்ளே உப்புப் படிந்து மின்சாரம் தவறான வழியில் ஓடியதே அதற்குக் காரணம். ஆகவே மூழ்கிய மின்சார ஸ்கூட்டர், ஆட்டோ, கார் எதனையும் வீட்டினுள் விடுவதும், மின்னேற்றிப் பார்ப்பதும் கூடாது. வீடு, வைக்கோற்போர், மாட்டுக் கொட்டில் இவற்றினின்று 15 மீட்டருக்குக் குறையாத தூரத்தில் வெட்டவெளியில் நிறுத்தி, கம்பெனியாரின் ஆளை அழைத்தலே முறை.

இன்ஷூரன்ஸ் கணக்கு

மூன்றாம் மனிதருக்கான கட்டாய இன்ஷூரன்ஸ் மாத்திரம் எடுத்தவருக்கு வெள்ள நஷ்டத்தில் ஒரு காசும் கிடையாது. வண்டியின் சொந்தச் சேதத்துக்கும் சேர்த்து எடுத்தவருக்கே வெள்ளம், புயல் ஆகியவற்றால் நேரும் சேதம் ஈடு செய்யப்படும். டிராக்டர் வைத்திருப்போர், கடன் தீர்ந்தபின் செலவைக் குறைக்கக் கருதிக் கட்டாயப் பாலிசியோடு நின்றுவிடுவதுண்டு. ஆற்றங்கரையிலும் ஏரியின் கீழும் உள்ள ஊர்களில் இச்சிக்கனம் பின்னர் பெருநஷ்டமாய் முடியலாம்.

பாலிசி பத்திரத்தில் ஒரு ஷரத்து உண்டு. பழுதான வண்டியைப் பழுது பார்க்குமுன் ஓட்டி, அதனால் சேதம் அதிகரித்தால், அவ்வதிகச் சேதம் சொந்தக்காரரையே சாரும். நீர் நின்ற இஞ்சினைத் திருகி முறித்தவரின் கோரிக்கையைக் கம்பெனியார் மறுப்பதற்கு இடமளிப்பது இத்தகைய ஷரத்துகளே. இஞ்சின் காப்புக்கெனக் கூடுதற் கட்டணம் செலுத்திப் பெறும் தனி உறுதியும் உண்டு. மேலும், ரப்பர், பிளாஸ்டிக் உறுப்புகள், டயர், பாட்டரி ஆகியவற்றுக்கு வழக்கமாகப் பாதி விலையே கிடைக்கும்.

முழு நஷ்டம் என்று எப்போது கொள்வர் என்பதை ஒரு கணக்கால் விளக்குவோம். கம்பெனி விலை 8,00,000 ரூபாயுள்ள கார், வாங்கி மூன்றாண்டு கடந்து நான்காண்டு நிறையாதது எனக் கொள்க. தேய்மானம் 40 சதவீதம் போக, இன்ஷூரன்ஸ் மதிப்பு 4,80,000 ரூபாய். பழுது பார்க்கும் செலவு இம்மதிப்பில் 75 சதவீதத்தை, அதாவது 3,60,000 ரூபாயை மிஞ்சுமாயின், வண்டி முழு நஷ்டமாகக் கருதப்படும். சொந்தக்காரர் பணம் பெறுவார். நனைந்த வண்டி ஏலத்தில் கழிவு விலைக்குப் போகும். அவ்வண்டி அதன்பின் எங்கே போகிறது என்பதே வாங்குவோர் சிந்திக்கவேண்டிய விஷயம்.

வாங்குவோர் அறியவேண்டியவை

அமெரிக்க மாகாணங்கள் பலவற்றில், வெள்ளத்தால் முழு நஷ்டமான காரின் உரிமைப் பத்திரத்திலேயே அச்செய்தியைக் குறிக்கும் வழக்கம் உண்டு. 2005-இல் கத்ரீனா புயலுக்குப் பின் லட்சக்கணக்கான கார்கள் இவ்வாறு நனைந்தன. குறிப்பில்லாத மாகாணத்துக்குக் கொண்டுபோய்ப் பத்திரத்தை மாற்றி விற்றவரும் அங்கே உளர். நம் நாட்டின் பதிவுச் சான்றில் வெள்ளத்தைப் பற்றிய குறிப்புக்கு இடமேயில்லை. நிரந்தரமாய் உபயோகமற்றுப்போன வண்டியின் பதிவை ரத்துசெய்ய, 14 நாட்களுக்குள் சொந்தக்காரர் தெரிவிக்க வேண்டுமென 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு கூறுகிறது. எனினும் கழித்து விற்கப்பட்ட வண்டி பழுது பார்க்கத்தக்கது என்று கருதப்பட்டால், அதன் பதிவு உயிரோடிருக்கும். ஆர்.சி. புத்தகம் சுத்தமாயிருப்பது வண்டி நனையாததற்கு அத்தாட்சியன்று.

ஆகவே வாங்குபவர் தம் கண்ணையும் மூக்கையும் கையையும் நம்பவேண்டும். பகல் வெளிச்சத்தில், அவசரப்படாமல், கீழ்க்கண்டவற்றைப் பார்க்க:

ஆசனப் பட்டையை இறுதிவரை முழுதும் இழுக்க. வெளியே தெரியும் பகுதியைக் கழுவியிருப்பர். சுருளின் உட்பகுதியில் வண்டற்கறை நின்றிருக்கும். கதவுகளை மூடிக்கொண்டு சிறிது நேரம் உள்ளே இருக்க. பூஞ்சை நாற்றமோ, அதனை மறைக்க இட்ட அதிக வாசனையோ இரண்டும் சந்தேகத்துக்குரியவை. ஆசனத்தைத் தரையோடு பிணைக்கும் திருகாணிகளில் துருவும் புதிய ஸ்பானர்த் தடமும் உள்ளனவா என்று பார்க்க. ஓடித் தேய்ந்த காரில் கம்பளமும் ஆசனத் துணியும் மாத்திரம் புத்தம் புதிதாயிருப்பின் காரணம் கேட்க. உபரிச் சக்கரம் வைக்கும் குழியில் விரலை விட்டுத் தேய்த்தால் மென்மையான வண்டல் ஒட்டுகிறதா என்பதும், முன்விளக்குக் கண்ணாடியினுள் கிடைமட்டமான நீர்க்கோடு உள்ளதா என்பதும் எளிய சோதனைகள். சாவியை, ஸ்டார்ட் செய்வதற்கு முந்திய நிலைக்குத் திருகியவுடன் பிரேக், காற்றுப்பை இவற்றின் எச்சரிக்கை விளக்குகள் எரிந்து பின் அணைய வேண்டும். அணையாது நிற்பது ஒரு குற்றம். எரியாமலே இருப்பது அதனினும் பெருங்குற்றம், ஏனெனில் விளக்கையே பிடுங்கியிருக்கக்கூடும்.

காகிதங்களில் ஒன்றைப் பலரும் பார்ப்பதில்லை. அது பழைய இன்ஷூரன்ஸ் பாலிசி. கோரிக்கையற்ற ஆண்டுகளுக்காகக் கட்டணத்தில் தரும் கழிவு 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை ஏறிச்செல்லும். கோரிக்கை செய்தால் அது பூஜ்யமாகும். பல ஆண்டுகள் ஏறிவந்த கழிவு, வெள்ளம் வந்ததற்கு அடுத்த பாலிசியில் திடீரென மறைந்திருந்தால், "அவ்வாண்டு என்ன நேர்ந்தது?" என்று விற்பவரைக் கேட்க உரிமையுண்டு. வெள்ளம் கண்ட ஜில்லாவில் பதிவான வண்டி, சில மாதங்களுக்குள் இரண்டு கை மாறித் தூரத்து ஜில்லாவில் விற்பனைக்கு நிற்பதும் விசாரிக்கத்தக்கதே.

இனி விலையைப் பற்றி. நனையாத கார் 5,00,000 ரூபாய்க்குக் கிடைக்கும் இடத்தில், நனைந்த கார் 3,40,000 ரூபாய்க்கு வருகிறதென்று உதாரணத்துக்காகக் கொள்வோம். 1,60,000 மிச்சம் என்று தோன்றும். கம்பித்தொகுதி, மின்னணுப் பெட்டிகள், பிரேக், பேரிங்கு, ஆசனம் இவற்றைச் சீர்ப்படுத்த மெக்கானிக் 1,10,000 ரூபாய் மதிப்பிட்டால், மிச்சம் 50,000 ஆகக் குறைகிறது. பின்னாளில் நாம் விற்கும்போது உண்மையைச் சொல்லின் அந்த 50,000-மும் விலையிற் குறையும். உண்மையை மறைத்தாலோ, நாம் அஞ்சிய குற்றத்தை நாமே செய்தவராவோம். நடுவழியில் நின்றுபோகும் தொல்லைக்கும், பிரேக்கின் மீதுள்ள அச்சத்துக்கும் இக்கணக்கில் இடமேயில்லை. இதனால் மலிவு மலிவாகாது என்பது வெளிப்படை.

விற்பவரின் கடமை

நனைந்த வண்டியை விற்றலே குற்றமென்று சொல்வதற்கில்லை. நனைந்தது என்று சொல்லி, செய்த பழுதுகளின் ரசீதுகளைக் காட்டி, அதற்கேற்ற விலைக்கு விற்பவர் யோக்கியர். அறிந்த குறையை முயன்று மறைத்து விற்பது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி மோசடியாகும். வாங்குபவர் விற்பனைச் சீட்டில், "இவ்வண்டி வெள்ளத்தில் மூழ்கியதில்லை" என்றோ, "இன்ன தேதியில் இன்ன உயரம் நீரில் நின்றது" என்றோ ஒரு வரி எழுதிக் கையொப்பம் பெறுதல் வேண்டும். யோக்கியர் அதற்குத் தயங்கார். தயங்குபவரிடம் வாங்காதிருத்தலே லாபம். 29, 30-ஆம் எண் படிவங்களைப் பூர்த்தி செய்து, பெயர் மாற்றமும் இன்ஷூரன்ஸ் மாற்றமும் காலதாமதமின்றி நடைபெறச் செய்க. கடனுள்ள வண்டியாயின் பாங்கியின் விடுதலைப் படிவமும் தேவை.

கிராம அதிகாரிகளுக்கு

வெள்ளத்துக்குப்பின் பயிர்ச் சேதத்தைக் கணக்கிடச் செல்லும் அதிகாரிகள், ஊரில் எத்தெருவில் எவ்வளவு உயரம் நீர் நின்றது, எத்தனை மணி நேரம் நின்றது என்பதையும் குறித்து வைப்பாராயின், இன்ஷூரன்ஸ் கோரிக்கை செய்யும் குடியானவருக்கு அது பேருதவியாகும். கறை இரண்டு மழையில் அழியும், எழுத்து நிற்கும். பொது மைதானத்திலோ பள்ளி வளாகத்திலோ உள்ள மேட்டுநிலம் எது என்பதை முன்னரே தேர்ந்து, வெள்ள எச்சரிக்கை வந்தவுடன் டிராக்டர்களையும் கார்களையும் அங்கே நிறுத்தச் செய்வது, பிந்திய பழுதுபார்ப்பு அனைத்தினும் சிறந்தது.

மற்றொன்றையும் ஊராருக்கு வற்புறுத்திச் சொல்லல் வேண்டும். ஓடும் நீர் ஓர் அடி உயரமிருந்தாலே சிறு காரை அடித்துச் செல்லவல்லது. இரண்டடி ஓட்டத்தில் பெரும்பாலான வண்டிகள் நிலைகொள்ளா. தரைப்பாலத்தின் மேல் வெள்ளம் போகையில் வண்டியைக் காக்க நினைத்து உயிரை இழந்தோர் பலர். ஆழமறியாமற் காலை விடாதே என்ற முதுமொழி சக்கரத்துக்கும் பொருந்தும்.

முடிவுரை

கூறியவற்றைத் தொகுத்துரைப்போம். அச்சுமட்டம் நனைந்த வண்டியை எண்ணெயும் கிரீஸும் பிரேக்கும் பார்த்தபின் ஓட்டலாம். நல்ல நீரில் மூழ்கிய பழைய மாதிரி டிராக்டரைத் திருகாமல் திறந்து கழுவினால் மீட்கலாம். ஆசனமட்டம் நனைந்த காரைச் சொந்தக்காரர், இன்ஷூரன்ஸ் உதவியோடு சீர்செய்து வைத்துக்கொள்ளலாம். பிறர் வாங்குவதாயின் முழு உண்மையும் எழுத்தில் வந்தபின், விலை மிகக் குறைந்தால் மட்டுமே. அதற்கு மேல் மூழ்கிய காரும், உப்பு நீர் கண்ட காரும், மூழ்கிய மின்சார வண்டியும் வாங்கத்தக்கவையல்ல.

வெள்ளம் எடுத்துச் சென்றதை நம்மால் தடுக்க முடியாதிருக்கலாம். வெள்ளம் விட்டுச் சென்றதை நம் அவசரத்தால் இழவாதிருத்தலும், பிறர் தலையில் கட்டாதிருத்தலும் நம் வசத்திலேயே உள்ளன.